மூக்குக்குள் பூசிய சூளை மண்

இதை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் அப்பாவிடம், அவர் யாராக இருந்தாலும், காட்டாதே. கூடப் படித்தவர்களிடம் காட்டாதே. எல்லாரையும்விட முக்கியமாக உன் தாத்தாவிடம் காட்டவே காட்டாதே. அவருக்கு அப்போது கண் மங்கிப் போயிருந்தாலும், "இன்னா காகிதம் அது, படி கேப்போம்" என்று யாரையாவது உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிவிடுவார். அவர் கேட்கக் கூடாதது இதில் ஓர் இடத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று படிக்கும்போது உனக்கே தெரியும்.

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் தெரியாது. எனக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பிறக்காத பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிக்கலாம். நான் எதையாவது மறைத்து மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் அம்மா, அதாவது உன் பாட்டி, ஒன்றையே சொல்வாள்: "நாளைக்கு உனக்குன்னு ஒரு புள்ள பொறந்து, வளந்து பெருசாயி, உன் எதிர்ல நின்னு கேக்கும்டி. அன்னிக்கு இன்னா பதில் சொல்றேன்னு நான் இருந்து பாக்கறேன்." அந்தப் பிள்ளை நீதான். இன்றைக்கு இந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எப்படியும் ஒரு நாள் நீ கேட்கப் போகிறாய், அதனால் உனக்கே முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வளர்ந்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டை விட்டுக் கிளம்பும் அன்று இதை உன் பெட்டியில் வைப்பேன்.

விஷயம் இதுதான். விடிந்தால் ஆறு மணிக்கு, அப்பா கட்டிய விமானத்தில் பைலட் அக்கா முதல்முறையாக ஏறிப் பறக்கப் போகிறார். அந்த விமானத்தின் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் நான் ஒரு தப்பு செய்து வைத்திருக்கிறேன். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதலில் அப்பாவைப் பற்றி. உனக்கு அவரைத் தெரிந்திருக்கும், ஆனால் இந்த வயதில் தெரியாது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்கு வெல்டிங் வேலை செய்கிறவர். சூளைக்குள் போகும் தள்ளுவண்டி, காற்று ஊதும் புளோயர், எது கெட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக, எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அலுமினியக் குழாய், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றின் நான்கு சிலிண்டர் இன்ஜின். அந்த இன்ஜினில் தண்ணீர் கிடையாது, காற்று பட்டுத்தான் ஆற வேண்டும். ஊரில் எங்களுக்கு 'ஏரோப்ளேன்காரர் வூடு' என்றே பெயர். ஜங்ஷன் ஆட்டோக்காரர்கள் அப்பாவைக் கண்டால் விடமாட்டார்கள். "அண்ணே, ஏரோப்ளேன் ரெடியாயிட்டா நம்ம ஸ்டாண்டுலியே போட்டுடாதீங்க. எங்க பொழப்பு போயிடும்." அப்பாவும் விடமாட்டார்: "உங்களுக்கு ஏன்டா பயம்? பக்கத்துல இருக்கற மங்களூருக்கு சவாரி கேட்டா நான் மேலயிருந்து எறக்கிவுட முடியுமா? அங்க குதிக்க எவன் வருவான்?" சிரித்துப் பேசிவிட்டு வருவார். ஆனால் அனுமதி வாங்க அவர் அலைந்த அலைச்சலில் இரண்டு செருப்பு தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். டெல்லியிலிருந்து காகிதம் வந்த அன்று அதைப் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்ததில் எனக்கு இருக்கும் கர்வத்தை எந்தப் பரீட்சை மார்க்கும் தரவில்லை. நீயும் அந்தக் கர்வத்தோடு இரு. ஆனால் கர்வம் என்ன செய்யும் என்பதைத்தான் கீழே எழுதப் போகிறேன்.

காகிதம் வந்துவிட்டது, இன்ஜின்தான் மக்கர் செய்தது. விமானத்தைக் கொட்டகைத் தூணில் கயிற்றால் கட்டி ஓடவிட்டால், ஆறாவது ஏழாவது நிமிடத்தில் சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடும். அதோடு இன்ஜினின் சத்தமும் கனம் குறைந்து இளைத்துவிடும். அப்பா எண்ணெய் மாற்றினார், பிளக் மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். அம்மா பொம்மைப் பட்டறையில் சூளை அடுக்குகிறவள். பதினெட்டு வருடமாக நெருப்பும் காற்றும் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவள்.

"ஏங்க, இது எந்தக் காத்த இழுக்குது?"

"முன்னாடி ஓட்டை இருக்குதுல்ல, அது வழியாத்தான்."

"அது இன்ஜின ஆத்தற காத்து. உள்ள எரியறதுக்கு எந்தக் காத்துன்னு கேக்கறேன்."

அப்பா எரிச்சலோடு, "இது சூளை இல்ல புள்ள, ஏரோப்ளேனு" என்றார். அம்மா உள்ளே போய் நாலு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். சூளைக் கதவில் சந்து இருக்கிறதா என்று பட்டறையில் அப்படித்தான் பார்ப்பார்கள், புகை எங்கே இழுபடுகிறதோ அங்கே சந்து. இன்ஜினை மெதுவாக ஓடவிடச் சொல்லி, முன்னால் சுழலும் விசிறி பக்கம் போகாமல், பின்பக்கமாக இன்ஜின் மூடியின் அடியில் ஊதுபத்தியை நீட்டினாள். புகை வெளியே வரவில்லை. சிலிண்டர்களைத் தொட்டுக் கொதித்து வந்த காற்று வெளியேறுவதற்கு முன்பே, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டர் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. தான் விட்ட மூச்சையே தான் இழுக்கிற மாதிரி. சூடான காற்று மெலிந்த காற்று, அதைக் குடித்தால் இன்ஜினுக்குத் தெம்பும் இருக்காது, சூடும் தணியாது. அப்பா ஊதுபத்தியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "டீ ஆறிப்போச்சு, வேற போட்டுக் கொண்டா" என்றார். தோற்றுவிட்டேன் என்று அவர் சொல்கிற விதம் அது. அம்மா சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் நான் நுழைந்தேன். கார்புரேட்டருக்கு வெளிக்காற்றைத் தனியாகக் கொண்டுவர ஒரு மூக்கு வேண்டும். முன்னால் விசிறிக்குக் கீழே திறந்து, இன்ஜின் சூடு படாமல் வளைந்து வந்து, பின்னால் கார்புரேட்டர் பெட்டியில் சேர வேண்டும். அப்பா தகரத்தில் செய்து பார்த்தார். வளைவு வரவில்லை, கைதான் கிழிந்தது. நான், "பொம்மைக்கு வயிறு எப்படி வளையுதுப்பா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் பீங்கான் பொம்மையை யாரும் கையால் வனைவதில்லை. களிமண்ணில் ஒரு மாதிரி செய்து, அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி, இரண்டு பாதியாக அச்சு எடுப்பார்கள். அதே மாதிரி நானும் அம்மாவும் களிமண்ணில் மூக்கைப் பிடித்தோம். அம்மா ஈரக் கடற்பஞ்சால் தடவித் தடவி வழவழப்பாக்கினாள். பிளாஸ்டர் அச்சுக்குள் கண்ணாடி நாரும் பிசினும் பூசி இரண்டு பாதியையும் ஒட்டினோம். முன்வாயில் தூசி வடிகட்டி வைத்தோம். புகைக்குழாய் பக்கத்தில் சூடு தாங்கும் பஞ்சு சுற்றினோம். விமானத்தில் மாட்டியபோது பைலட் அக்கா பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது? கம்பெனி சாமான் மாதிரி இருக்குது" என்றார். அவர் புதுச்சேரிக்காரர், பறக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை. அப்பாவின் விமானத்துக்காகச் சம்பளம் வாங்காமல் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்தவர். "எங்க பாப்பா" என்றார் அப்பா. நான் தரையைப் பார்த்தேன். தரை தெரியவில்லை.

கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. தூணில் சணல் கயிற்றில் ஒரு நீள நோட்டு தொங்கும். யார் எதைத் தொட்டாலும், ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினாலும், தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பைலட் அக்கா வந்ததும் முதலில் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார், நோட்டைத்தான் கேட்பார். "நான் ப்ளேன நம்பி ஏறலப்பா, இந்த நோட்ட நம்பித்தான் ஏறறேன்" என்பார். அம்மாகூட ஊதுபத்தி பிடித்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மூக்கு மாட்டியும் முள் முழுதாக இறங்கவில்லை. மூக்கின் பின்முனைக்கும் கார்புரேட்டர் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரல் சந்து விழுந்திருந்தது. பிசின் காயும்போது சுருங்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மண் சுருங்குவதைக் கணக்குப் பண்ணத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. அந்தச் சந்து வழியாகக் கொதிக்கும் காற்று மறுபடி உள்ளே போனது. அந்த இடைவெளியை மூட அப்பா சென்னையிலிருந்து ஒரு ரப்பர் வளையம் அனுப்பச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் வெள்ளி டேப்பைச் சுற்றினார். டேப் சூட்டில் உரிந்துவிட்டது, மறுபடி இறுக்கிச் சுற்றி வைத்தார். பைலட் அக்காவுக்கு வடக்கே பெரிய வேலை கிடைத்து, திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். "சனிக்கெழம ஓட்டிப் பாக்கறப்ப முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா நான் ஏறமாட்டேன், கோச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் வேறு யார் வருவார்கள்? அப்பா அன்று சாப்பிடவில்லை. "மூக்கு கொஞ்சம் நீளமா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் என்னைக் குத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கும் முன்பே கொட்டகைக்குப் போனேன். அப்பாவின் டேப்பைப் பிரித்தேன். சூளைக் கதவைச் சாத்தியதும் சுற்றிலும் பூசி அடைக்கும் மண் இருக்கிறதே, அதை அம்மாவின் வாளியிலிருந்து ஒரு கை எடுத்து, குழைத்து, சந்து முழுக்க உள்பக்கமாகவும் அழுத்திப் பூசினேன். ஆயிரம் டிகிரி தாங்குகிற மண், இந்தச் சூட்டைத் தாங்காதா என்று நினைத்தேன். மேலே புது டேப்பைச் சுற்றினேன். நோட்டைப் பார்த்தேன். எழுதவில்லை. மூக்கு குட்டை என்று என் கையாலேயே எப்படி எழுதுவது?

சனிக்கிழமை இன்ஜினை இருபது நிமிடம் ஓட்டினார்கள். முள் பச்சையிலேயே நின்றது. சத்தம் முதல்முறையாகக் கனமாக, ஒரே சீராக இருந்தது. அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார். "டேப்பே போதும்னு சொன்னேன்ல? எல்லாம் எம்பொண்ணு செஞ்ச மூக்கு!" சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று மாலையே கூரியரில் ரப்பர் வளையம் வந்தது. "இப்ப எதுக்கு, இருக்கட்டும்" என்று பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

இன்று ஞாயிறு. விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பழைய ஓடுதளத்துக்குப் போக வேண்டும். பைலட் அக்கா எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். நாளை காலை பறந்துவிட்டு மத்தியான ரயிலைப் பிடிப்பார். சாப்பிட்டபின் நான் அம்மாவின் பொம்மைகள் வைத்திருக்கும் இந்த அறைக்கு வந்து படுத்தேன். ஜன்னல் விளிம்பில், வெள்ளிக்கிழமை நான் கையிலிருந்து வழித்துப் போட்ட அந்த மண்ணின் மிச்சம் கிடந்தது. சும்மா எடுத்தேன். காய்ந்து வெடித்திருந்தது. விரலால் தட்டியதும் உதிர்ந்து, மணல்மணலாகப் பாய் மேல் விழுந்தது.

சூளைக் கதவு ஆடாது. அதனால்தான் அந்த மண் அங்கே நிற்கிறது. இன்ஜின் ஆடும். இருபது நிமிடம் தாங்கியது ஈரத்தில். இப்போது அது காய்ந்திருக்கும். தூசி வடிகட்டி மூக்கின் முன்வாயில் இருக்கிறது, என் மண் அதைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது. உதிர்ந்தால் தடுக்க எதுவும் இல்லை, நேராகக் கார்புரேட்டருக்குள் போகும். அங்கே பெட்ரோல் வருகிற துளை ஊசிமுனை அளவுதான். அடைத்தால் இன்ஜின் நின்றுவிடும். ரோட்டில் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். வானத்தில் ஓரம் கிடையாது.

இனி எழுதுவதுதான் உன் தாத்தா கேட்கக் கூடாதது. இது தெரிந்த உடனே நான் ஓடிப்போய்ச் சொல்லவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். ஒருவேளை உதிராது என்று நினைத்தேன். பத்து நிமிடம்தானே பறக்கப் போகிறார் என்று நினைத்தேன். வயிற்று வலி என்று அழுதால் எல்லாரும் நின்றுவிடுவார்களா என்று நினைத்தேன். லாரியில் ஏறி ரகசியமாகச் சுரண்டிவிடலாமா என்று போய்ப் பார்த்தேன், தார்ப்பாயைக் கட்டிவிட்டார்கள். திரும்பும்போது கூடத்தில் பைலட் அக்கா தூங்குவதைப் பார்த்தேன். ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்து, எங்கள் வீட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எதையும் சந்தேகப்படாமல் தூங்கினார். அதைப் பார்த்தும் நான் எழுப்பவில்லை. திரும்பி வந்து மறுபடி தாழ் போட்டேன். அப்பாவின் 'எம்பொண்ணு செஞ்ச மூக்கு' என்ற வார்த்தையை இழக்க எனக்கு அவ்வளவு பயம். ஓர் உயிரையும் ஒரு பாராட்டையும் எதிரெதிரே வைத்து இவ்வளவு நேரம் யோசித்திருக்கிறேன். மண் பூசியது தெரியாமல் செய்த தப்பு, அதை நான் யாரிடமும் சொல்வேன். இந்த யோசனையை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் பாட்டியின் கதை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, பட்டறையில் சேர்ந்து மூன்று மாதம். மறுநாள் மாசி மகத் தேர், அதைப் பார்க்கப் போக வேண்டும் என்ற அவசரத்தில் சரியாகக் காயாத பொம்மைகளைச் சூளையில் அடுக்கிவிட்டாள். உள்ளே இருந்த ஈரம் கொதித்து, தட்டு தட்டாக எல்லாம் வெடித்துவிட்டன. முதலாளி புளோயர்தான் காரணம் என்று, அதை மாட்டிய வெல்டிங்காரரைக் கூப்பிட்டு நாற்பது பேர் முன்னால் திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அப்பா. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அவர ஏன் திட்டறீங்க? காயாத பொம்மைய அடுக்கனது நானு. தெரிஞ்சேதான் வெச்சேன்" என்றாளாம். ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். தேரும் பார்க்கவில்லை, அழுதுகொண்டே வீட்டில் கிடந்தாள். எட்டாம் நாள் அப்பா வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அப்பா இன்றைக்கும் சொல்வார், "அழகப் பாத்தெல்லாம் கட்டலப்பா. இவகூட இருந்தா செய்யாத தப்புக்கு ஒத வாங்க மாட்டோம்னு தெரிஞ்சுது." அம்மா, "ஆமா, செஞ்ச தப்புக்கு நானே ஒதப்பேன்" என்பாள்.

எத்தனையோ முறை கேட்டுச் சிரித்த கதை. இன்றைக்குத்தான் அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அம்மா நாற்பது பேரை விலக்கிக்கொண்டு போனாள். எனக்கு விலக்க வேண்டியது ஒரு தாழ்ப்பாள்.

அதனால் நீ கேட்பதற்கு முன்பே சொல்கிறேன். நீ செய்த நல்ல காரியம் ஒன்றை ஊரே புகழும் நாள் வரும். அன்றைக்குத்தான் அதில் சந்து எங்கே இருக்கிறது என்று நீயே பார்க்க வேண்டும், வேறு யாரும் அன்று பார்க்கமாட்டார்கள். பயப்படு, தப்பில்லை. ஆனால் பயந்துகொண்டே எழுது, கையெழுத்துப் போடு. நான் செய்த மூக்கு நல்ல மூக்குதான். அதை மறைக்கவும் மாட்டேன். ஒரு விரல் குட்டை, அவ்வளவுதான். அலமாரி மேல் ரப்பர் வளையம் இருக்கிறது. மண்ணைச் சுரண்டி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, வளையத்தை மாட்ட அப்பாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். ரயிலுக்கு முன்னால் பறக்க நேரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பறக்காமல் போனால் அப்பா ஆறு வருடம் காத்த காலை என்னால் போனதாக இருக்கும். அதையும் நான் நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

லாரி பக்கம் போனபோது நோட்டைத் தூணிலிருந்து அவிழ்த்து எடுத்து வந்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தேதி போட்டு எழுதிவிட்டேன்: 'மூக்கின் பின்சந்தில் சூளை மண் பூசி, மேலே டேப் சுற்றினேன். உள்பக்கமும் பூசியிருக்கிறேன். மண் காய்ந்து உதிர்கிறது. மூக்கு ஒரு விரல் குட்டை.' கையெழுத்து இன்னும் போடவில்லை. அதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

கூடத்தில் விளக்கு எரிகிறது. பைலட் அக்கா எழுந்துவிட்டார், பேச்சுச் சத்தம் கேட்கிறது. நோட்டைத்தான் கேட்கிறார். அப்பா கொட்டகைக்குப் போய்த் திரும்பி வருகிற செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, எழுந்துட்டியா? நோட்டு தூணுல இல்ல. நீ எடுத்தியா?"

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன்.